உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளி, பிள்ளைகளுக்காக ஊர் நடத்தும் மைதானம்: ஒரு முழுமையான வழிகாட்டி

அரசு நடுநிலைப் பள்ளிகள் பலவற்றின் கால அட்டவணையில் உடற்கல்விக்கென்று பாடவேளை எழுதப்பட்டிருக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள், அல்லது வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். இதற்குத் தலைமையாசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பேருக்கு மேல் படிக்கும் பள்ளியில் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநராவது இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அதையொட்டித் தமிழ்நாட்டில் 2012இல் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம் என்பதே ஏற்பாடு. அவர்களில் பலர் விலகியும் ஓய்வு பெற்றும் போனபின் ஏறத்தாழ 12,000 பேரே மிஞ்சினார்கள்.

பொருளுக்கான பணமும் இப்படித்தான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுப் பொருள்களுக்கென்று ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 என்று விதி இருக்கிறது. 2024-25ஆம் நிதியாண்டில், பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் முன்மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பதால், இத்திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. மாநில அரசு 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டு அரசுகளின் வழக்கு முடியும் வரை பன்னிரண்டு வயதுப் பிள்ளை பன்னிரண்டு வயதிலேயே நிற்காது. ஆகவே அந்த இடைவெளியை ஊர் எப்படி நிரப்பலாம் என்பதைப் படிப்படியாக எழுதியிருக்கிறேன். வடசென்னை வியாசர்பாடியில் கால்பந்தும் தென்சென்னைக் கண்ணகி நகரில் கபடியும் வளர்ந்த விதம் இதற்கு நல்ல முன்னுதாரணம். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடிய கார்த்திகா, அந்தக் கண்ணகி நகரிலிருந்து வந்தவர். ஆனாலும் பதக்கத்தை நினைத்துக் குழு தொடங்குவது சரியான தொடக்கமல்ல என்பது என் எண்ணம். தினமும் குறித்த நேரத்துக்கு, குறித்த ஆள் மைதானத்தில் நிற்கிறார் என்ற உறுதி பிள்ளைகளுக்குக் கிடைத்தால், பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

முதல் படி: பள்ளியில் இருப்பதைக் கணக்கெடுத்தல்

குழுவுக்குப் பெயர் வைப்பதற்கும் சட்டை அடிப்பதற்கும் முன்னால் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் இருக்கிறதா, இருந்து காலியாக உள்ளதா, பகுதிநேர ஆசிரியர் எந்தெந்த நாள் வருகிறார், அறையில் என்னென்ன பொருள் கிடக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பணியிடமே இல்லாத பள்ளிக்கும், பணியிடம் இருந்து ஆள் வராத பள்ளிக்கும் நீங்கள் பிற்பாடு எழுதப்போகும் மனு வேறுவேறு.

அப்படியே ஊராட்சி அலுவலகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் 2024 முதல் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் 33 வகைப் பொருள்கள் கொண்ட தொகுப்பு வழங்க ஏற்பாடு செய்யப்பட்டது. உங்கள் ஊருக்கு வந்த பெட்டி பிரிக்கப்பட்டதா, சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தால், கைக்காசு போட்டு வாங்க நினைத்ததில் ஒரு பகுதி பூட்டிய அறைக்குள்ளேயே இருப்பது தெரியவரலாம்.

இரண்டாம் படி: எந்த ஆட்டம்

கிரிக்கெட்டில் தொடங்க வேண்டாம். அந்த ஆட்டத்தின் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. ஆனால் முப்பது பிள்ளைகள் வந்தால் இருவர் மட்டையைப் பிடிக்க, ஒருவர் பந்து வீச, மற்றவர்கள் ஒன்றரை மணி நேரமும் நின்றுகொண்டிருப்பார்கள். சின்னப் பிள்ளையைக் கடைசி ஆளாக இறக்கிவிட்டு, பந்து பொறுக்கும் வேலையை அதனிடம் கொடுப்பதும் வழக்கமாகிவிடும். கபடி, கோகோ, கைப்பந்து, சிறு களக் கால்பந்து ஆகியவற்றில் எல்லாருடைய காலும் ஓடும், செலவும் குறைவு. கோகோவுக்கு வேண்டியவை 27 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலமுள்ள தரையும் இரண்டு கம்பங்களும்தான். பெண்களுக்கான கபடிக் களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். கால்பந்து என்றால் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு நான்காம் எண் பந்து, அதற்கு மேற்பட்டோருக்கு ஐந்தாம் எண் பந்து வாங்க வேண்டும். பெரிய பந்தைச் சின்னப் பிள்ளையின் காலுக்குப் பழக்கினால் உதைக்கும் முறையே கெட்டுப்போகும். இரண்டு ஆட்டங்களுக்கு மேல் முதல் ஆண்டில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாம் படி: இடம்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக யோசனை வேண்டும். பள்ளி மைதானம் கிடைத்தால் அதுவே முதல் தெரிவாக இருக்கட்டும். பள்ளி நேரம் முடிந்த பிறகு பயன்படுத்திக்கொள்ள அனுமதி கேட்டுத் தலைமையாசிரியருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாகப் போட வேண்டும். சட்டப்படி அக்குழுவின் உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோர் என்பதால் இதற்குப் பெரும்பாலும் மறுப்பு வராது. வாசல் சாவிக்கு யார் பொறுப்பு, உடைந்த கண்ணாடிக்கு யார் பணம் தருவது, கழிப்பறையை யார் கழுவுவது என்ற மூன்றும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். வாய்மொழி அனுமதி, அடுத்த தலைமையாசிரியர் மாறுதலாகி வரும் நாள் வரைதான்.

பள்ளியில் இடமில்லை என்றால் ஊராட்சிப் புறம்போக்கு, வற்றிய ஏரியின் உள்வாய், கோயில் திடல் என்று தேடுவோம். இங்கே ஒரு விஷயத்தை நேராகப் பேச வேண்டும். கோயில் திடலிலோ ஊர்த்தெருவின் நடுவிலோ களம் போட்டால், காலனிப் பிள்ளைகள் முதல் நாள் ஓரத்தில் நின்று பார்ப்பார்கள், இரண்டாம் நாள் வரமாட்டார்கள். ‘யாரையும் வரவேண்டாம் என்று சொல்லவில்லையே’ என்று ஊர்க்காரர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். சொல்லாமலே தெரிகிற விஷயம் அது. ஆகையால் இரு தெருப் பிள்ளைகளும் யாருடைய வாசலையும் கடக்காமல் வந்து சேரக்கூடிய இடமாகப் பாருங்கள். அணிகளைத் தெருவாரியாகப் பிரிக்காமல், வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி ஒன்று, இரண்டு என்று எண்ண வைத்துப் பிரியுங்கள். சட்டையில் எந்தத் தலைவரின் படமும், எந்தக் கொடியின் நிறமும், கையில் சாதி அடையாளக் கயிறும் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே பெற்றோர் முன்னிலையில் சொல்லிவிட வேண்டும். பள்ளி மாணவர் மீது நாங்குநேரியில் நடந்த சாதித் தாக்குதலுக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும் பள்ளிகளில் இத்தகைய கயிறுகளுக்குத் தடை விதிக்கப் பரிந்துரைத்திருக்கிறது. தண்ணீர்க் குடமும் குவளையும் எல்லாருக்கும் ஒன்றே என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சில பெற்றோர் பிள்ளைகளை நிறுத்துவார்கள், நிறுத்தட்டும். ஆட்டம் சூடுபிடித்ததும் அந்தப் பிள்ளைகள் தாமாகவே திரும்பி வருவது பெரும்பாலும் நடக்கும்.

கபடிக் களத்தை எப்படித் தயாரிப்பது என்று மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காயங்களில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. களத்தையும் அதைச் சுற்றி நான்கு மீட்டரையும் முக்கால் அடி ஆழத்துக்குக் கொத்தி, கல், கண்ணாடித் துண்டு, முள்வேர் எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்க வேண்டும். எடுத்த மண்ணைச் சல்லடையில் சலித்து, களிமண் பாங்காக இருந்தால் ஆற்று மணலும் மரத்தூளும் கலந்து, திரும்பக் கொட்டிப் பரப்பி, தண்ணீர் தெளித்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். குதிகால் லேசாகப் பதிந்து, மண் ஒட்டாமல் உதிர்ந்தால் பதம் சரி. தினமும் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் தண்ணீர் தெளிக்கும் வேலையைப் பிள்ளைகளில் இருவருக்கு முறைவைத்துக் கொடுக்கலாம். கோடு போடச் சுண்ணாம்பைப் பயன்படுத்தவே கூடாது. விழுந்து புரளும் ஆட்டத்தில் அது கண்ணில் பட்டால் வெந்துபோகும், கோலமாவு போதும். செயற்கை விரிப்பு சில லட்சங்கள் ஆகும். அதைப் பற்றி இப்போது நினைக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: பயிற்றுநர்

ஊரில் பழைய ஆட்டக்காரர் ஒருவராவது இருப்பார். அவரிடம் திறமை இருக்கும். பிள்ளைகளிடம் பேசும் பொறுமை இருக்கிறதா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு ஒப்படையுங்கள். அடித்தும் திட்டியும் சொல்லிக்கொடுப்பதைப் பெருமையாகச் சொல்பவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் வேண்டாம். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள் பக்கத்து ஊர்களில் இருப்பார்கள். உடற்பயிற்சிகளையும் காயத் தடுப்பையும் முறையாகக் கற்ற அவர்களில் ஒருவரை வாரம் இரண்டு நாள் வரவழைத்தால், பழைய ஆட்டக்காரரின் அனுபவத்தோடு அது நன்றாகப் பொருந்தும். எவ்வளவு சிறியதானாலும் மாத மதிப்பூதியம் கொடுங்கள். முழுக்கச் சேவையாகச் செய்கிறவர் ஆறாம் மாதத்தில் வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்டால், அவரைக் கேள்வி கேட்க யாருக்கும் உரிமை இருக்காது.

ஐந்தாம் படி: பெண்பிள்ளைகள்

ஐந்தாம் வகுப்பு வரை ஓடி ஆடிய பெண்பிள்ளை ஏழாம் வகுப்பில் மைதானத்துக்கு வருவதில்லை. ‘ஆர்வம் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள், அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். பெரியவளான பிறகு அரைக்கால் சட்டையில் ஓடுவதா என்று பாட்டி கேட்கிறார்; மைதானத்தில் கழிப்பறை இல்லை; மாதவிடாய் நாளில் நாப்கின் மாற்ற இடமில்லை; இருட்டிய பிறகு திரும்பி வரும் வழியில் டாஸ்மாக் கடை இருக்கிறது; அண்ணனுடைய நண்பர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்; தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. ஆறும் வேறு வேறு சிக்கல்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வழி செய்தால்தான் அந்தப் பிள்ளை வரும்.

உடைக்கு, முழங்காலுக்குக் கீழே வரும் டிராக் பேன்ட்டும் தளர்வான டி-சர்ட்டும் போதும். எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் அதையே பொது உடையாக வைத்தால் யார் வீட்டிலும் தனியாகச் சண்டை வராது. பெண் பொறுப்பாளர் ஒருவர் பயிற்சி நேரம் முழுவதும் இருக்க வேண்டும். அவருக்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த அக்கா ஒருவர் சம்மதித்தால் தாய்மார்களின் நம்பிக்கை பாதி கிடைத்துவிடும். கார்த்திகை, மார்கழியில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுவதால் அந்த மாதங்களில் நாலரைக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடித்துவிட வேண்டும். திரும்பும்போது தெருவாரியாகக் கூட்டமாக அனுப்புங்கள். தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைக்கு ‘வா’ என்று சொல்லி, சின்னதுகளை நிழலில் உட்கார வைக்கப் பாய் ஒன்று போடுங்கள். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை தாய்மார்களை அழைத்து ஆட்டத்தைப் பார்க்க வைப்பதும் நல்லது; தன் மகள் எதிராளியின் கோட்டைத் தொட்டுத் திரும்புவதைப் பார்த்த தாய், மறுநாள் பாட்டிக்குப் பதில் சொல்லும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்வார்.

ஆறாம் படி: ஒரு மாலையின் ஒழுங்கு

ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், முதல் ஐந்து நிமிடம் வருகைப் பதிவு. இது சம்பிரதாயமல்ல, இரண்டு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு மூன்றாம் நாள் ஆள் போக வேண்டும். அடுத்து பதினைந்து நிமிடம் மெல்லோட்டமும் உடலைத் தளர்த்தும் பயிற்சிகளும். பிறகு முப்பது நிமிடம் ஒரே ஒரு திறன்: கபடியில் இன்று பாடிப் போய் போனஸ் கோட்டைத் தொடுவது மட்டும், நாளை விழும் முறை மட்டும். கணுக்காலைப் பிடிப்பது, மடக்கித் தூக்குவது போன்றவற்றை, விழும் முறை எல்லாருக்கும் கைவந்த பிறகுதான் சொல்லிக்கொடுக்க வேண்டும்; பயிற்சியில் ஏறத்தாழ ஒரே எடையுள்ளவர்களை ஜோடி சேருங்கள். அடுத்த முப்பது நிமிடம் ஆட்டம். மீதி நேரம் மூச்சு வாங்கி, கைகால் கழுவி, தின்பண்டம் வாங்கிக்கொள்வதற்கு.

தின்பண்டத்தைக் குறைவாக எண்ணாதீர்கள். மதியம் சத்துணவு சாப்பிட்ட பிள்ளை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றோடு ஓடுகிறது. சுண்டல் ஒரு கைப்பிடி, ஒரு வாழைப்பழம், ஒரு கடலைமிட்டாய், ஒரு நாள் அவித்த முட்டை என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்குப் பத்து ரூபாய் என்று வைத்தால், முப்பது பேருக்கு மாதம் 24 நாளுக்கு 7,200 ரூபாய் ஆகும். குழுவின் மிகப் பெரிய தொடர்செலவாக இது இருக்கக்கூடும்; பந்து வாங்குவதைத் தள்ளிப்போட்டாவது இதைத் தொடருங்கள்.

ஏழாம் படி: பாதுகாப்பு

சேரும்போதே பெற்றோரின் கையெழுத்து, தொலைபேசி எண், பிறப்புச் சான்றிதழ் நகல், ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு உண்டா என்ற விவரம் ஆகியவற்றை வாங்கிவிடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டு, இல்லாதவர்களுக்கு விண்ணப்பிக்க உதவலாம். கோடையில் பதினொரு மணிக்குமேல் மாலை நாலரை வரை களத்தில் யாரும் இருக்கக்கூடாது; அக்னி நட்சத்திர நாள்களில் காலை ஆறு முதல் ஏழரை வரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்டுத் தலைசுற்றல், குழப்பம், வாந்தி என்று ஏதாவது இருந்தால், அன்று அந்தப் பிள்ளையைத் திரும்பக் களத்தில் இறக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். வெயிலில் மயங்கியவரை நிழலில் கிடத்தி, ஈரத்துணியாலும் தண்ணீராலும் உடம்பைக் குளிரவைத்தபடியே 108ஐ அழையுங்கள். இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்திக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

பெரியவர்களால் பிள்ளைகளுக்கு வரும் ஆபத்தைப் பற்றிப் பேசக் குழுக்கள் கூச்சப்படுகின்றன. கூச்சப்படக் கூடாது. எந்தப் பயிற்றுநரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது. வெளியூர்ப் போட்டிக்குப் பெண்பிள்ளைகள் போனால் பெண் பொறுப்பாளர் கட்டாயம் போக வேண்டும். பிள்ளைகளுக்குத் தனிப்பட்ட வாட்ஸ்அப் செய்தி அனுப்பாமல், எல்லாத் தகவலும் பெற்றோர் இருக்கும் குழுவிலேயே வர வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரியது. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளின் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள்.

எட்டாம் படி: பணமும் பதிவும்

தொடக்கத்தில் நான்கைந்து பேர் மாதாமாதம் கொடுப்பதே போதும். பிள்ளைகளிடம் கட்டணம் வாங்காதீர்கள். பத்து ரூபாய் என்றாலும், வரவேண்டிய பிள்ளைதான் முதலில் நின்றுவிடும். ஓராண்டு நிலைத்த பிறகு, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேராகச் சேர்ந்து பதிவு செய்து, பான் எண்ணும் வங்கிக் கணக்கும் பெற்றுக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டிய கடமை அதோடு வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்க விரும்பினால், அதற்குரிய வருமான வரிப் பதிவுகளும் அந்நிதியைப் பெறும் அமைப்புகள் மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தில் செய்துகொள்ளும் சி.எஸ்.ஆர்-1 பதிவும் தேவை. ஊரக விளையாட்டுப் பயிற்சி அந்நிதியில் செலவிடச் சட்டம் அனுமதிக்கும் பணிகளில் ஒன்று. பள்ளி வளாகத்துக்குள்ளேயே களமோ கழிப்பறையோ கட்டுவதானால், 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற மாநில அரசுத் திட்டத்தின் வழியாக முன்னாள் மாணவர்களிடம் நிதி கேட்பது எளிது.

தேர்தல் வரும்போது மட்டையும் வலையும் தேடி வரும். வாங்கிக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் சட்டையில் படம் போடக் கேட்டால் மறுத்துவிடுங்கள். வரவு செலவை மாதாமாதம் எழுதி மைதானத்துச் சுவரில் ஒட்டுகிற வழக்கம் இருந்தால் இப்படிப்பட்ட பேச்சுகள் பாதி குறையும்.

ஒன்பதாம் படி: போட்டிகளும் சான்றிதழ்களும்

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று நடக்கும் குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகளுக்குப் பள்ளியின் பெயரில்தான் பதிவு செய்ய முடியும். ஊர்க்குழுவின் பெயரில் முடியாது. பள்ளியோடு மனத்தாங்கல் வைத்துக்கொள்ளும் குழு, தன் பிள்ளைகளின் கதவைத் தானே அடைக்கிறது. முதலமைச்சர் கோப்பையில் பள்ளிப் பிரிவோடு பொதுப் பிரிவும் உண்டு என்பதால், படிப்பை நிறுத்திவிட்ட இளைஞர்களை அதற்குத் தயார் செய்யலாம். மேல்படிப்பிலும் அரசு வேலையிலும் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அங்கீகாரம் பெற்ற சங்கங்களும் கல்வித்துறையும் நடத்தும் போட்டிகளின் சான்றிதழ்களே செல்லும். ஊர்த் திருவிழாவில் வென்ற ஆளுயரக் கோப்பை அந்த மேசையில் ஏறாது. பிறந்த தேதியைத் திருத்திப் பதினான்கு வயதுப் பிரிவில் ஆட வைக்கும் பழக்கத்துக்கு ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். பிடிபட்டால் பறிபோவது பிள்ளையின் எதிர்காலம்.

பத்தாம் படி: தொய்வு வரும் மாதங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் களம் சேறாகும்போது சமுதாயக் கூடத்தில் கயிறு தாண்டுதல், சிலம்பம், கேரம், சதுரங்கம் என்று நேரத்தை விடாமல் வைத்திருங்கள். தை பிறந்ததும் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோர் நிறுத்திக்கொள்வார்கள். வாதாடாதீர்கள், வாரம் இரண்டு நாள், முக்கால் மணி நேரம் மட்டும் அனுப்பச் சொன்னால் பலர் ஒப்புக்கொள்வார்கள்.

பதினோராம் படி: பள்ளியிடம் கேட்பதை நிறுத்தாமல் இருத்தல்

குழு நன்றாக நடக்க ஆரம்பித்ததும், ‘அதுதான் மாலையில் ஆள் வருகிறாரே, பள்ளிக்கு எதற்குத் தனியாக ஆசிரியர்?’ என்று அலுவலகத்தில் யாராவது கேட்பார்கள். மாலை மைதானத்துக்கு வருவது முப்பது பேர் என்றால், பள்ளியில் படிப்பது இருநூறு பேராக இருக்கலாம். டியூஷனுக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பிள்ளைக்குப் பள்ளி நேரத்துப் பாடவேளையை விட்டால் வேறு விளையாட்டு கிடையாது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது, முதல் படியில் எடுத்த கணக்கையும் உங்கள் வருகைப் பதிவேட்டின் சுருக்கத்தையும் இணைத்து, காலிப் பணியிடத்தை நிரப்பக் கோரியோ புதிய பணியிடம் கேட்டோ பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. அதே கோரிக்கையை அங்கேயும் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்து நகல் கேட்டு வாங்குங்கள். மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டை வருகைப் பதிவேட்டோடு சேர்த்து வைத்திருங்கள். அடுத்த ஆண்டு மனு எழுதும்போது முதல் வரியில் போட வேண்டியது அந்த எண்ணும் தேதியும்தான்.